பேச்சியம்மாளின் இடுப்பும் ஜீப்பில் ஓர் இடமும்

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். போடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிறர் எலும்பைச் சேர்த்துவைத்தே காலத்தை ஓட்டியவன் நான். ‘ஈரத்தரையில பாத்து நடங்க’ என்று நான் சொல்லி அனுப்பாத நோயாளியே கிடையாது. எனக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டவர் டாக்டர் சிராஜுதீன். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கட்டை நனைக்கக் கூடாது, விரலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் வழக்கமாகச் சொல்லும் பாடத்தை அவர் எனக்கே ஒப்பித்தார். நானும் மரியாதையாகத் தலையாட்டினேன்.

“வலது கை நல்லாத்தான சார் இருக்கு? நம்ம டாக்டர் சங்க மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. ஸ்கிரீன் மிஷின் இல்லாத காலத்துல எப்படி ஆணி அடிச்சீங்கன்னு சின்னவங்கெல்லாம் கேக்குறாங்க” என்றார்.

ஸ்கிரீன் மிஷின் என்று அவர் சொல்வது, அறுவை நடக்கும்போதே எலும்பு எப்படி நிற்கிறது, ஆணி எங்கே போகிறது என்று திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவியை. அது எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குத் தலையில் முடி கிடையாது. அது இல்லாமல் எப்படி அடித்தோம் என்றால், பயந்துகொண்டே அடித்தோம். கட்டுரை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மலரில் எனக்கென்று சில பக்கங்களை ஒதுக்கிவிட்டார்களாம்.

நான் எலும்பு மருத்துவன் ஆனது ஆசைப்பட்டு அல்ல. கண் மருத்துவம் படிக்க வேண்டும் என்றுதான் ஆசை. சுத்தமான வேலை, ரத்தம் குறைவு, உட்கார்ந்தே செய்யலாம். மேற்படிப்புக்கு இடம் எடுக்கப் போனபோது என் மதிப்பெண்ணுக்கு எலும்புதான் மிச்சம் இருந்தது. என் பருத்த உருவத்தைப் பார்த்துப் பழகிய சொந்தக்காரர்கள், “சரியான எடத்துக்குத்தான் போயிருக்கான்” என்று சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மதுரையில் பயிற்சிக் காலம் முழுக்க நான் செய்த முக்கியமான வேலை, மற்றவர்கள் அறுவை செய்யும்போது நோயாளியின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். கால் இவ்வளவு கனமான உறுப்பு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒல்லியான ஆள், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார். நாம் அறுவை செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். பிறகு நம்மிடம் ஒரு வார்த்தை பேசாமல், திறந்து கிடக்கும் எலும்பிடம் பேசுவார். “என்னப்பா, விழுந்ததுதான் விழுந்தே, இன்னைக்குப் பாத்தா விழணும்? இவன் டூட்டின்னு தெரியாதா?” என்பார். இன்னொரு நாள், “கொஞ்சம் பொறுத்துக்க. இவனும் ஒரு நாள் கத்துக்குவான்” என்று என் நோயாளியின் முழங்கையைத் தேற்றினார். நர்சுகள் முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரியும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். இந்த அனுதாபம் மறக்கவே இல்லை.

படித்து முடித்துப் போடிக்கு வந்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். என்னிடம் வந்த ஆரம்பகால நோயாளிகளில் ஒருவர் ராசிங்காபுரத்து விவசாயி. கீழ்க்கால் எலும்பு முறிவு. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு, அழகு பார்த்து, அசையாமல் படுத்திருக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமே நடந்து வந்தார். முழங்காலுக்கு மேலே இருந்த கட்டைக் காணோம்.

“காலு மடங்கல சார். மடங்காம வரப்புல எப்பிடி உக்காருறது? அதான் கருக்கருவாள வச்சு அறுத்துட்டேன். மிச்சத்த அப்பிடியே விட்டுட்டேன், நீங்க ஆசையாப் போட்டதாச்சே” என்றார்.

அந்த எலும்பு நேராகவே கூடியது. நானும் என் கைராசி என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்த உட்காரும் விஷயம் என்னை விடவே இல்லை. நாங்கள் படித்த புத்தகங்களை எழுதியவர்கள் பிறந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். ‘சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது’ என்று அவர்கள் எழுதியதை நான் போடியில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மரத்தடியில் குத்தவைத்து மருந்துச் சீட்டைப் படிப்பார்கள்.

பேச்சியம்மாள் என்னிடம் வந்தது அந்த நாட்களில்தான். சிலமலைக்காரர். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லியான உறுதியான உடம்பு. விடிந்ததும் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய், பொழுது சாயத் திரும்பும் பெண்களில் ஒருவர். அன்று வேலை முடிந்து ஜீப்பின் பின்படியில் கால் வைத்தபோது வண்டி லேசாகப் பின்னால் உருண்டிருக்கிறது. பிடி நழுவிப் பக்கவாட்டில் கல்லின் மேல் விழுந்துவிட்டார். கூட வந்த பெண்கள் தங்கள் மடிகளில் அவரை நீளமாகப் படுக்கவைத்து, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி என்னிடம் கொண்டுவந்தார்கள்.

“வெரசாப் பாருங்க சார். வழியெல்லாம் ஒரு சத்தம் போடல. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு” என்றார் ராக்கு. அந்த ஜீப்பிலேயே மூத்தவர், வாய்க்காரர்.

படம் எடுத்துப் பார்த்தேன். தொடையெலும்பின் உச்சியில், இடுப்புக் குழிக்குள் உருளும் பந்து ஒன்று இருக்கிறது. அதைத் தாங்கும் கழுத்து முறிந்து, பந்து தனியாகத் திரும்பிக் கிடந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பந்துக்கு ரத்தம் போவதே கழுத்தைச் சுற்றிப் போகும் மெல்லிய குழாய்களில்தான். கழுத்து முறிந்தால் அவையும் அறுந்துபோகலாம். அப்படி ஆனால் எலும்பு கூடினாலும் பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். சாகிறதா பிழைக்கிறதா என்று நிச்சயமாகத் தெரிய இரண்டு வருடம்கூட ஆகும். அதற்குப் பயந்து, பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது ஒரு வழி. சில நாளில் நடக்கலாம். ஆனால் குத்தவைத்து உட்கார்ந்தால் அது கழன்றுவிடும். இன்னொரு வழி, சொந்தப் பந்தையே திருகாணி போட்டு நிறுத்திவிட்டு வேண்டிக்கொள்வது.

மதுரைக்குப் போன் போட்டேன். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “விழுந்து நேரமாச்சு. உங்கிட்ட ஸ்கிரீனும் கிடையாது. பேசாம பந்தை மாத்தி நடக்கவிட்டு அனுப்பு. போடியில உக்காந்து வீரம் காட்டாதே” என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேச்சியம்மாளிடம் போனேன். புதுப் பந்தின் பெருமைகளைச் சொன்னேன். வலி இருக்காது, வெரசா நடக்கலாம், எல்லாம் சொன்னேன்.

“குத்தவச்சு ஒக்காரலாமா சார்?”

“அது மட்டும் கூடாதும்மா. நாற்காலியிலதான் உட்காரணும்.”

“ஏலக்காட்டுல யாரு சார் நாற்காலி போடுவா?”

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் காலடியில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கும். செடியைச் சுற்றிக் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். ஏலக்காய் ஊரில் பிறந்து, ஏலக்காய் டீ குடித்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்தக் கட்டிலருகே நிற்கும்வரை இடுப்பையும் ஏலச்செடியையும் நான் சேர்த்து யோசித்ததில்லை.

“எம்பந்தையே வச்சுத் தச்சுருங்க சார். செத்தா அப்பப் பாத்துக்கலாம்” என்றார்.

நான் துணிந்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த அம்மாளிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மறுபடி பெரியவரைக் கூப்பிட்டு, திருகாணிதான் போடப் போகிறேன் என்றேன். “அந்த எலும்புக்கு என் அனுதாபத்தச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அறுவை. சின்னவர்கள் கேட்டது இதைத்தான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நோயாளியை இழுவை மேஜையில் படுக்கவைத்து, பாதத்தைத் தோல் பூட்சில் கட்டி, காலை நேராக இழுக்க வேண்டும். இழுத்த நிலையிலேயே பாதத்தை மெல்ல உள்பக்கம் திருப்பினால், முறிந்த கழுத்து தன் இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்ததா என்று பார்க்க நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். படம் எடுக்கும்போதெல்லாம் நாங்கள் அத்தனை பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். பிறகு டெக்னீசியன் இருட்டறையில் பிலிமைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார். அதுவரை நானும் மயக்க மருத்துவரும் அரசியல் பேசுவோம்.

முதல் படத்தில் பந்து சரியாக உட்காரவில்லை. திரும்பவும் தளர்த்தி, இழுத்து, திருப்பினேன். இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டது. தொடையின் வெளிப்பக்கம் சின்னதாகக் கீறி, திருகாணிக்கு வழிகாட்டும் கம்பியை எலும்பில் வைத்தேன். அது கீழிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஏறி, கழுத்தின் நடுவே போய், பந்துக்குள் முடிய வேண்டும். கூடுதலாகப் போனால் மூட்டுக்குள் குத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத பாதையில் கைக்கணக்கில் ஓட்ட வேண்டும். ஓட்டிவிட்டுப் படம் எடுத்தால், என் கம்பி எலும்பையே விட்டு வெளியேறி மிக நிம்மதியாகச் சதைக்குள் நின்றுகொண்டிருந்தது. மயக்க மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு அரசியலை நிறுத்திவிட்டார். பெரியவர் மதுரையிலிருந்து எலும்பைத் தேற்றுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

பிடுங்கி மறுபடி ஓட்டினேன். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கதவுக்கு வெளியே நின்றோம். கம்பிகளின் மேலேயே துளையுள்ள திருகாணிகளை ஏற்றி முறுக்கி, கடைசிப் படம் சொட்டச் சொட்ட வந்தபோது, மூன்று ஆணிகளும் சாய்வாக மேலேறிப் பந்துக்குள் நின்றன. அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்பும் அடித்ததில்லை, பின்பும் அடித்ததில்லை. எப்படி அமைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, இரண்டு வருடம் குத்தவைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பேச்சியம்மாள் முதல்முறையாகக் கலங்கியது அப்போதுதான்.

அந்த ஜீப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அவர் வீட்டிலிருந்து யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போக வேண்டும். யாரும் வராவிட்டால் அடுத்த சுற்றுக் காய் எடுப்புக்கு அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. பேச்சியம்மாளின் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் மிச்சம் இருந்தவர் கணவர் முத்தையா மட்டும்தான். பகல் முழுக்கக் கேரம் போர்டும், சாயங்காலம் உலக நடப்பும் அவருடைய சோலி. ஏலச்செடியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை.

“நாம் போறேன் சார், வேற வழி?” என்றார் முத்தையா, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி.

ஒவ்வொரு முறை மனைவியைக் கூட்டிவரும்போதும் அவர் தன் கதையைச் சொல்லி அழுவார். ஜீப்பில் அவர் ஒருவர்தான் ஆண். பேச்சியம்மாளின் இடத்தில் உட்கார்ந்ததால் அவருக்குப் பேரும் பேச்சி என்றே ஆகிவிட்டது. “ஏய் பேச்சி, தள்ளி ஒக்காருங்குறாளுக சார். பிஞ்சக் கிள்ளுனா, என்னாத்தா பேச்சி, கண்ணு தெரியலையாங்குறாளுக.” பேச்சியம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார். நானும் படத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

மாதங்கள் போய் எலும்பு கூடிவிட்டது. கைத்தடியில்லாமல் நன்றாக நடந்தார். ஆனால் பந்து பிழைக்குமா என்பது தெரியவில்லை. அதற்குள் தோட்டத்தில் இவர்களை வேலை வாங்கும் கங்காணி பொறுமை இழந்துவிட்டார். அடுத்த சுற்றுக்குப் பேச்சியம்மாளே வரட்டும், இல்லையென்றால் இடத்தை விடட்டும், இந்த ஆள் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் குத்தவைக்கக் கூடாது என்பதிலேயே நின்றேன். அந்தப் பந்து செத்தால் மறுபடி அறுவை, அத்தோடு மலைக்கே போக முடியாது. இடம் போனால் இப்போதே போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி என் மூளைக்கு எட்டவில்லை.

“நீங்களே ஒரு தடவ வந்து கங்காணிகிட்டச் சொல்லுங்க சார். டாக்டர் சொன்னாக் கேப்பாரு” என்றார் முத்தையா.

போனேன். டாக்டர் என்று முன்சீட்டுக் கொடுத்தார்கள். வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது, சரிவு என் செருப்பை மதிக்கவில்லை. எப்படித்தான் உட்கார்ந்து எடுக்கிறார்கள் என்று சோதித்துப் பார்க்க ஒரு செடியின் கீழ் நானும் குத்தவைத்தேன். இரண்டு காய் பறித்தேன். மூன்றாவதை எட்டும்போது பின்பக்கமாகச் சாய்ந்து உருண்டு அடுத்த செடியில் போய் நின்றேன். ராக்குவும் இன்னொருவரும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். “சாருக்கும் ஆணி அடிக்கணும் போல” என்று யாரோ சொல்ல, மலையே சிரித்தது.

அப்போதுதான் முத்தையாவைப் பார்த்தேன். அவருக்கும் முழங்கால் மடங்காது. கேரம் போர்டு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தே பழகியவர். ஒரு சாக்கைச் சரிவில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, ஒரு காலைப் பள்ளத்துப் பக்கம் நேராக நீட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் சாக்கோடு சறுக்கி அடுத்த பக்கம் போனார். பெண்கள் கேலி செய்தது பெரும்பாலும் இந்த உட்காருதலைத்தான். நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். இடுப்பு முழுக்க மடங்காமல், பந்தின் மேல் பாரம் விழாமல் காய் எடுக்க ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது போடியிலேயே மோசமான காய் எடுப்பாளர்.

“இது மாதிரி உட்கார்ந்து எடுத்தா பேச்சியம்மா நாளைக்கே வரலாம்” என்றேன் கங்காணியிடம். அவர் தங்கச்சன், எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளி.

“மதி, போதும் டாக்டர் சாரே. இந்த இருப்புல ஒரு ஆளு இருக்கறதே எனக்குத் தலைவேதன. ரெண்டாவது ஆளா?”

ராக்கு விடவில்லை. “ரெண்டு பேரும் வரட்டும். புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஒரு ஆளுன்னு வச்சுக்கிருங்க. ஜீப்புல ஒரு எடந்தான். இவரு தொங்கிக்கிட்டு வரட்டும்.”

அப்படித்தான் முடிந்தது. நான் இறங்கி வரும்போது ஒரு பெரிய அறுவையை முடித்தவன்போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு முறை பேச்சியம்மாள் படம் எடுக்க வரும்போதும், பந்தின் ஓரத்தில் எங்காவது வெளுப்புத் தெரிகிறதா, நசுங்கியிருக்கிறதா என்று தேடுவேன். பெரியவரின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று நினைக்காத மாதம் இல்லை. நான் பெண்டாட்டி பிள்ளை உடம்புக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. பெரியவரும் இடையிடையே போன் செய்வார். “பந்து உயிரோட இருக்கா?” என்பார். “இதுவரைக்கும் இருக்கு சார்” என்பேன். “நல்ல பந்து” என்று பந்தைப் பாராட்டிவிட்டு வைத்துவிடுவார்.

இரண்டு வருடம் முடிந்து கடைசிப் படம் வந்தது. பந்து முழு உருண்டையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. எழுந்து நின்றே சொன்னேன்.

“பேச்சியம்மா, பந்து பிழைச்சிருச்சு. இனிமே நீங்க தாராளமாக் குத்தவைக்கலாம்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போன வருசத்துல இருந்தே குத்தவச்சுத்தான் சார் எடுக்குறேன்” என்றார் பேச்சியம்மாள் மெதுவாக. “சாக்குல ஒக்காந்தா வேலையே ஓட மாட்டேங்குது. இவருதான் இன்னமும் கால நீட்டிக்கிட்டுத் திரியுறாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“எப்பிடி சார் சொல்றது? ஒவ்வொரு தடவையும் படத்தப் பாக்கையில உங்க மூஞ்சி செத்துப்போயிரும். பாவமா இருக்கும். சொல்லிட்டா அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்குவீங்களா?”

சொல்லிவிட்டு, நம்பாதவனுக்குக் காட்டுவதுபோல, அங்கேயே தரையில் குதிகால் பதியக் குத்தவைத்தார். எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கக் கூடாது என்று படத்தை எடுத்து வெளிச்சத்தில் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கவனமாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் நின்றேன்.

“சார்” என்றார் பேச்சியம்மாள். “தலகீழாப் பிடிச்சிருக்கீங்க. ஆணி மேல ஏறிப் போகணும். இதுல எறங்குது.”